வெறும் கடும் பயிற்சியால் தொழில்முறை சைக்கிள் வீரர் ஆக முடியுமா?

முடியாது. ஆனால் இந்தப் பதிலை மட்டும் கேட்டுவிட்டுப் போனால் அதைத் தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம். பயிற்சி இல்லாமல் அந்த இடத்துக்குப் போனவர் யாரும் இல்லை. முன்னணி வீரர்கள் வாரத்துக்கு 20 முதல் 30 மணி நேரமும், ஆண்டுக்கு 25,000 முதல் 35,000 கிலோமீட்டரும் மிதிக்கிறார்கள். அதே மணிக்கணக்கை வேறொருவர் மிதித்தால் அதே வேகம் வருமா என்றால், பெரும்பாலோருக்கு வராது. அதற்கும் முன்னால் இன்னொரு சிக்கல் உண்டு: பெரும்பாலோரின் உடல் அத்தனை மணி நேரத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கவே தாங்காது. கடும் பயிற்சியைத் தாங்குவதும் அதனால் வளர்வதும்கூட ஓரளவு பிறப்போடு வருபவை. ‘திறமையா, உழைப்பா’ என்று இரண்டையும் தனித்தனியாக நிறுத்திப் பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லாமல் போவது இதனால்தான்.

எவ்வளவு வாட் வேண்டும்?

சைக்கிளிங்கில் நல்ல விஷயம், உடலின் ஆற்றலை நேரடியாக அளக்கலாம். பெடலிலோ கிராங்கிலோ பொருத்தும் பவர் மீட்டர், நீங்கள் எத்தனை வாட் கொடுக்கிறீர்கள் என்று அந்தந்த நொடியில் காட்டும். சுமார் ஒரு மணி நேரம் தளராமல் தாங்கக்கூடிய அதிகபட்ச வாட்டை எஃப்டிபி என்பார்கள். அதை உடல் எடையால் வகுத்தால் கிலோவுக்கு இத்தனை வாட் என்று வரும். மலை ஏறும்போது முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த எண்தான்.

ஆண்களுக்குத் தோராயமான படிநிலை இது. புதிதாகத் தொடங்கும் ஆரோக்கியமான ஒருவர் 2 முதல் 2.5. சில ஆண்டுகள் ஒழுங்காகப் பயிற்சி செய்த அமெச்சூர் 3.5 முதல் 4. உள்ளூர்ப் பந்தயங்களில் முன்னால் வருபவர் 4.5க்கு மேல். தொழில்முறையின் கீழ்ப்படியில் 5 முதல் 5.6 வரை. மலைப்பாதை ஏறுவதில் உலகின் சிறந்த வீரர்கள் 6ஐத் தாண்டுகிறார்கள். உலகத்தரப் பெண்கள் 5 முதல் 5.5 வரை இருப்பார்கள்.

4க்கும் 6க்கும் இடையே வெறும் இரண்டுதானே என்று தோன்றும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 8 கிலோ சைக்கிளில், 8 சதவீதச் சரிவுள்ள 10 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 420 வாட் கொடுத்தால், அதாவது கிலோவுக்கு 6 என்றால், உச்சிக்குப் போக சுமார் 28 நிமிடம் ஆகும். 280 வாட் கொடுத்தால் சுமார் 41 நிமிடம். இந்த 280 வாட்காரர் தன் நண்பர் கூட்டத்தில் மிக வேகமானவராக இருக்கலாம். பந்தயத்திலோ அவர் உச்சியை அடையும்போது முன்னணிக் கூட்டம் மறுபக்கம் இறங்கிப் போயிருக்கும்.

ஆக்சிஜன் கணக்கு

420 வாட்டைத் தொடர்ந்து கொடுக்க உடல் எரிபொருளை எரிக்க வேண்டும். எரிக்க ஆக்சிஜன் வேண்டும். சைக்கிள் மிதிக்கும்போது உடல் எரிக்கும் ஆற்றலில் 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்குப் போய்ச் சேரும், மீதி வெப்பம். 23 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், 420 வாட்டுக்கு நிமிடத்துக்கு சுமார் 5.25 லிட்டர் ஆக்சிஜன் தேவை. 70 கிலோ உடலுக்கு இது கிலோவுக்கு 75 மில்லிலிட்டர்.

உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவுக்கு விஓ2 மேக்ஸ் என்று பெயர். அந்த உச்சத்தில் சில நிமிடங்கள்தான் தாக்குப்பிடிக்க முடியும். நன்கு பயிற்சி பெற்றவரே அரைமணி நேரம் வரை அதில் ஏறத்தாழ 90 சதவீதத்தைத்தான் தாங்குவார். ஆகவே கிலோவுக்கு 75 மில்லிலிட்டரைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டுமானால், உச்சம் 80க்கு மேல் இருந்தாக வேண்டும்.

பயிற்சியே இல்லாத இளைஞரின் உச்சம் 40 முதல் 45 வரை. அவர் நன்றாகப் பயிற்சி செய்து 55ஐத் தொட்டுவிட்டார். அதற்கு மேல் நகரவில்லை என்று கொள்வோம். அதில் 85 சதவீதத்தை அவர் தாங்கினால் சுமார் 260 வாட் வரும், கிலோவுக்கு 3.7. அவர் சோம்பேறி அல்ல, முயற்சியிலும் குறை இல்லை. தசைகள் கேட்கும் ஆக்சிஜனை இதயமும் ரத்தமும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஒரே பயிற்சி, வெவ்வேறு பலன்

பயிற்சி உடலில் என்ன செய்கிறது? முதல் ஓரிரு வாரங்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடும். சிவப்பணுக்கள் கூட மாதங்கள் ஆகும். இதயத்தின் இடது கீழறை பெரிதாகி, ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தை வெளியே தள்ளும். தசைகளுக்குள் ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் நுண் ரத்தக்குழாய்களும் பெருகும். அதிகபட்ச இதயத்துடிப்பு மட்டும் பயிற்சியால் உயராது. வயதோடு குறையத்தான் செய்யும்.

இந்த மாற்றங்கள் எல்லோருக்கும் ஒரே அளவில் நடப்பதில்லை. இதைத் தெளிவாகக் காட்டியது கிளாட் பூஷார் தலைமையில் நடந்த ஹெரிடேஜ் குடும்ப ஆய்வு. அதுவரை உடற்பயிற்சியே செய்யாமல் இருந்த 98 குடும்பங்களைச் சேர்ந்த 481 பேர், 20 வாரங்கள், வாரம் மூன்று முறை, நிலையான சைக்கிளில் ஒரே மாதிரியான பயிற்சி செய்தார்கள். 1999ல் வெளியான முடிவின்படி விஓ2 மேக்ஸ் சராசரியாக நிமிடத்துக்கு 0.4 லிட்டர் உயர்ந்தது. சிலருக்கு ஏறத்தாழ ஒன்றுமே உயரவில்லை. சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேல் உயர்ந்தது. பலனில் தெரிந்த இந்த வேறுபாட்டில் சுமார் 47 சதவீதம் குடும்பவழி வந்தது என்று கணக்கிட்டார்கள். சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும் என்பது இங்கே பாதிதான் பொருந்தும். பயிற்சி சட்டியையே பெரிதாக்கும். எவ்வளவு பெரிதாகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

இதைக் கேட்டதும் ‘நான் பலன் கிடைக்காத ரகம்’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2017ல் வெளியான இன்னொரு ஆய்வில், ஆறு வாரப் பயிற்சியில் முன்னேறாதவர்களுக்கு வாரத்துக்குக் கூடுதலாக இரண்டு மணி நேரம் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் பிறகு எல்லோருமே முன்னேறினார்கள். முன்னேற்றமே இல்லை என்று தோன்றும்போது பல நேரங்களில் பயிற்சியின் அளவுதான் போதாமல் இருக்கிறது. ஆனால் முன்னேறுவது வேறு, 80ஐத் தொடுவது வேறு.

மரபணு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஃபின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்டிராண்டா ஓர் அதீத எடுத்துக்காட்டு. 1960களில் மூன்று தங்கம் உட்பட ஏழு ஒலிம்பிக் பதக்கங்கள் வென்றவர். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனை ஏற்கும் ஏற்பியில் அவர் குடும்பத்துக்கே ஒரு மரபணு மாற்றம் இருந்தது. ஹீமோகுளோபின் சாதாரண அளவை விட மிக அதிகம். இப்படி ஒரே மரபணு இவ்வளவு பெரிய வேலை செய்வது அரிது. மற்றவர்களுக்கு நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சிறுகச் சிறுகச் சேர்ந்தே திறனை உருவாக்குகின்றன. அதனால் எச்சிலை அனுப்பினால் ‘உங்கள் குழந்தைக்கு எந்த விளையாட்டு’ என்று சொல்லும் சோதனைகளை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். திறமையைக் கண்டறிய அவற்றுக்கு இடமில்லை என்று துறை வல்லுநர்களே 2015ல் கூட்டறிக்கை வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு பவர் மீட்டரும் இரண்டு ஆண்டுப் பொறுமையும் அதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும்.

எஞ்சின் இருந்தும் போதாமல் போவது

பிறவிக் கொடையே எல்லாம் என்று இப்போது தோன்றினால் ஒஸ்கார் ஸ்வென்ட்சனைப் பார்க்கலாம். இந்த நார்வே இளைஞர் 2012ல் ஜூனியர் பிரிவில் தனிநபர் நேரப் பந்தய (ஒவ்வொருவராகத் தனியே ஓட்டி நேரத்தை ஒப்பிடும் பந்தயம்) உலகச் சாம்பியன். அதே ஆண்டு அவருடைய விஓ2 மேக்ஸ் 97.5 என்று செய்தி வந்தது; இதுவரை வெளியானவற்றிலேயே மிக உயர்ந்த எண்களில் ஒன்று. 2014ல், 20 வயதில், அவர் சைக்கிளிங்கை விட்டுவிட்டார். உலகின் முதல்நிலை அணிகளில் அவர் ஓட்டியதே இல்லை.

சாலைப் பந்தயம் ஆய்வகத்துக்குள் நடப்பதில்லை. நான்கு மணி நேரம் மிதித்து 3,000 கிலோஜூல் செலவான பிறகு உங்கள் 20 நிமிட ஆற்றல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே பந்தயத்தை முடிவுசெய்கிறது. புத்துணர்ச்சியோடு இருக்கும்போது ஒரே எண்ணைக் காட்டும் அமெச்சூரும் தொழில்முறை வீரரும் பிரிவது இந்த இடத்தில்தான். மூன்று வாரப் பந்தயமான டூர் டி பிரான்ஸில் 21 கட்டங்கள், நாளுக்கு ஒன்று. நடுவே இரண்டே நாள் ஓய்வு. அன்றன்று தூங்கி, தின்று, செரித்து, மறுநாள் காலை மீண்டும் ஏறி உட்கார வேண்டும். மூன்றாம் வாரத்திலும் நன்றாகச் சாப்பிட முடிகிற வயிறும் ஒரு திறமைதான்; யாரும் அதைப் பாராட்டுவதில்லை.

பிறகு கூட்டத்துக்குள் ஓட்டும் நுணுக்கம். 121 வீரர்களைக் கொண்ட கூட்டத்தை மாதிரியாக வைத்து 2018ல் செய்த ஆய்வு, அதன் நடுப்பகுதிக்குப் பின்னால் இருப்பவருக்குக் காற்றுத்தடை தனியாக ஓட்டுபவர் சந்திப்பதில் வெறும் 5 முதல் 10 சதவீதம் என்று காட்டியது. கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கத் தெரிந்தவர் ஆற்றலைச் சேமிக்கிறார். மணிக்கு 50 கிலோமீட்டரில் முன்சக்கரத்தை அடுத்தவரின் பின்சக்கரத்திலிருந்து அரை மீட்டருக்குள் வைக்கப் பயப்படுபவர் ஒவ்வொரு வளைவிலும் பின்தங்கி, ஒவ்வொரு முறையும் வேகமெடுத்துப் பிடிக்க வேண்டும். அப்படி வீணாகும் வாட்டை எந்தப் பயிற்சியும் ஈடுகட்டாது. இது பிறவித் திறன் அல்ல; கற்றுக்கொள்ளலாம். ஆனால் அறைக்குள் டிரெய்னரில், அதாவது சைக்கிளை நிறுத்திவைத்து மிதிக்கும் கருவியில், மட்டும் மிதித்துக் கற்க முடியாது.

தாமதமாக வந்து வென்றவர்கள்

ஸ்லோவேனியாவின் பிரிமோஸ் ரோக்லிச் முதலில் பனித்தாவல் வீரர். 2007ல் உலக ஜூனியர் அணிப் போட்டியில் தங்கம் வென்றவர். இருபதைத் தாண்டிய பிறகே சைக்கிளுக்கு வந்து 2013ல் ஒரு சிறிய அணியிலும் 2016ல் முதல்நிலை அணியிலும் சேர்ந்தார். பிறகு ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவை நான்கு முறையும், 2023ல் இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோவையும் வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கின் நேரப் பந்தயத்தில் தங்கமும் அவருக்குத்தான். கனடாவின் மைக்கேல் வுட்ஸ் ஓட்டக்காரர். 18 வயதில் ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடியவர். பாத எலும்பு முறிவுகளால் சைக்கிளுக்கு மாறி, 29 வயதில் முதல்நிலை அணியில் சேர்ந்தார். ஆஸ்திரேலியாவின் ஜே வைன், வீட்டுக்குள் டிரெய்னரில் நடக்கும் ஸ்விஃப்ட் அகாடமி தேர்வில் 2020ல் வென்று ஒப்பந்தம் பெற்றவர். 2022 வுவெல்டாவில் இரண்டு கட்டங்களை வென்றார்.

கடும் உழைப்பு போதும் என்பதற்குச் சான்றாக இவர்களைச் சொல்பவர்கள் உண்டு. கவனித்தால் விஷயம் வேறு. வுட்ஸின் இதயமும் நுரையீரலும் சைக்கிளைத் தொடுவதற்கு முன்பே உலகத்தரத்தில் இருந்தன. ரோக்லிச் சில ஆண்டுகளில் எட்டியதைப் பலர் இருபது ஆண்டுகளிலும் எட்டுவதில்லை. மிக வேகமாக முன்னேறுவதுதான் திறமையின் முதல் அடையாளம். பத்தாயிரம் மணி நேரம் மிதித்தால் யாரும் வல்லுநர் என்ற கணக்கு இங்கே இரு பக்கமும் பொய்த்துப் போகிறது.

‘கடும்’ என்பதில் நடக்கும் தவறு

புதியவர்களிடம் அதிகம் காணும் பிழை, எல்லா நாளும் மூச்சு வாங்க ஓட்டுவது. உலகத்தர வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அவர்களுடைய பயிற்சி அமர்வுகளில் சுமார் 80 சதவீதம் எளிதான வேகத்தில் இருப்பதைக் கண்டார். எளிது என்றால் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகம். தினமும் நடுத்தர வேகத்தில் ஓட்டினால் களைப்பு சேரும்; கடினமாக ஓட்ட வேண்டிய நாளில் கால்கள் வராது. மெதுவான நாளில் மெதுவாக ஓட்ட மனக்கட்டுப்பாடு வேண்டும். வீம்புக்காரர்களுக்கு இது இன்டர்வெலை (விட்டுவிட்டுக் கடினமாக ஓட்டும் பயிற்சி) விடக் கஷ்டம்.

வாரம் 10 மணி நேரம் கிடைப்பவருக்கு ஒரு சட்டகம்: செவ்வாய் ஒன்றரை மணி நேரம், அதில் எஃப்டிபி அளவில் 8 நிமிடங்களாக நான்கு முறை, நடுவே 4 நிமிடம் இளைப்பாறல். புதன் ஒரு மணி நேரம் மிக மெதுவாக. வியாழன் ஒன்றரை மணி நேரம், அதில் எஃப்டிபியின் 110 முதல் 115 சதவீதத்தில் 4 நிமிடங்களாக ஐந்து முறை. சனி நான்கு மணி நேரமும் ஞாயிறு இரண்டு மணி நேரமும் எளிதாக. திங்களும் வெள்ளியும் ஓய்வு. மூன்று வாரம் இப்படிப் போய், நான்காம் வாரம் நேரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். உடல் வளர்வது அந்த இளைப்பாறலில்தான்.

அடுத்தது சாப்பாடு. சராசரியாக 200 வாட்டில் நான்கு மணி நேரம் ஓட்டினால் 2,880 கிலோஜூல் செலவாகும். உடலின் விரயத்தையும் சேர்த்தால் எரிந்த கிலோகலோரியும் ஏறத்தாழ அதே எண்தான். பயணத்தின்போது மணிக்கு 60 கிராம் கார்போஹைட்ரேட் தேவை. குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் அதற்கு மேல் உறிஞ்சத் திணறும். ஃப்ரக்டோஸும் கலந்தால் 90 வரை போகலாம். இன்றைய தொழில்முறை வீரர்கள் 100ஐத் தாண்டுகிறார்கள், ஆனால் மாதக்கணக்கில் வயிற்றைப் பழக்கிய பிறகு. முதல் நாளே முயன்றால் வயிற்றுப்போக்குதான் பரிசு.

கிலோவுக்கு வாட் என்ற கணக்கின் ஆபத்தும் இங்கேதான். வாட் ஏறவில்லையா, எடையைக் குறை என்று தோன்றும். சில வாரங்கள் அது பலிப்பது போலவும் தெரியும். பிறகு தூக்கம் கெடும், சளி விடாது, பெண்களுக்கு மாதவிடாய் நிற்கலாம், ஆண்களுக்கு டெஸ்டோஸ்டீரோன் குறையும். சைக்கிளில் உடல் எடை எலும்பின் மேல் இறங்குவதில்லை. அதனால் சாலை வீரர்களுக்கு ஏற்கனவே எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பது வழக்கம். பட்டினி அதை மேலும் கெடுக்கும்.

வழக்கமான வாட்டுக்கு வழக்கமான துடிப்பு ஏறாமல் இருப்பது, காரணமில்லாத எரிச்சல், படுத்தும் தூக்கம் வராமை ஆகிய மூன்றும் ஒரு வாரம் நீடித்தால் பயிற்சியை நிறுத்த வேண்டும். ஆரம்பத்திலேயே நிறுத்தினால் ஓரிரு வாரத்தில் சரியாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் மீள மாதங்கள் பிடிக்கும். ஒரு பருவமே போய்விடும்.

உங்கள் நிலையை எப்படி அறிவது?

எஃப்டிபி சோதனைக்கு முந்தைய நாள் ஓய்வு அல்லது மெதுவான ஓட்டம். பவர் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கிவிட்டுத் தொடங்க வேண்டும். இதை மறந்தால் பத்துப் பதினைந்து வாட் பிசகலாம். 20 நிமிடம் உடலைச் சூடாக்கி, நடுவில் ஒரு நிமிட வேகச் சுழற்சி மூன்று முறை. பிறகு 5 நிமிடம் முழுபலத்தோடு. 10 நிமிடம் மெதுவாக. அதன்பின் 20 நிமிடம் தாங்கக்கூடிய உச்சத்தில். அந்த 20 நிமிடச் சராசரியை 0.95ஆல் பெருக்கினால் எஃப்டிபி. நடுவில் உள்ள 5 நிமிடத்தைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். அப்போது எண் பொய்யாகக் கூடுதலாக வரும். முதல் 3 நிமிடத்தில் ஆவேசமாகக் கிளம்புவதுதான் இன்னொரு பொதுத் தவறு. வீட்டுக்குள் செய்தால் பெரிய மின்விசிறி கட்டாயம். வெப்பம் ஏறினால் வாட் இறங்கும். ஒவ்வொரு முறையும் ஒரே கருவி, ஒரே இடம்.

ஒரு சோதனையின் எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எட்டு வாரத்துக்கு ஒருமுறை செய்து, இரண்டு ஆண்டுகளின் போக்கைப் பாருங்கள். முதல் ஆறு மாதம் எல்லோருக்கும் ஏறும். வாரம் 10 மணி நேரத்தில், இரண்டாம் ஆண்டு முடிவிலும் கிலோவுக்கு 4.5ஐத் தாண்டி இன்னும் ஏறிக்கொண்டிருந்தால், நேரத்தைக் கூட்டிப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. 3.6ல் ஓராண்டாக நின்றுவிட்டால், தூக்கமும் சாப்பாடும் சரியாக இருக்கும் பட்சத்தில், உங்கள் கூரை, அதாவது உடலால் எட்ட முடிந்த உச்ச வரம்பு, தொலைவில் இல்லை. 50 சதவீதம் கூடுதலாக உழைத்தாலும் 50 சதவீத வாட் கிடைக்காது.

வயது, இடம், பணம்

சர்வதேச சைக்கிளிங் சங்கமான யுசிஐயின் பிரிவுகளில் 17, 18 வயது ஜூனியர். 19 முதல் 22 வரை 23 வயதுக்குட்பட்டோர். பெரிய அணிகள் ஆளெடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டு பிரிவுகளிலிருந்துதான். இப்போது ஜூனியரிலேயே ஒப்பந்தம் போடுகிறார்கள். ஆண்கள் முதல்நிலையில் 18 அணிகள், அணிக்கு சுமார் 30 பேர். உலகம் முழுவதற்கும் ஐந்நூற்றுச் சொச்சம் இடங்கள். அதில் ஆண்டுக்கு ஆண்டு காலியாவது ஒரு சிறு பகுதி. 30 வயதில் கிலோவுக்கு 5 வாட்டோடு வருபவரை விட, 19 வயதில் அதே 5 வாட்டோடு வருபவர்தான் அணிக்கு வேண்டும். முன்னவர் கூரைக்குப் பக்கத்தில் இருக்கிறார். பின்னவர் இன்னும் வளர்வார்.

அணி மேலாளர் பார்ப்பது பந்தய முடிவுகளை. கூடவே கடந்த ஓராண்டில் பவர் மீட்டர் பதிந்த கோப்புகளை. சமவெளிப் பந்தயத்தில் 80 கிலோ எடையோடு 450 வாட் கொடுப்பவருக்கும் வேலை உண்டு. ஏற்றத்தில் 60 கிலோக்காரர் வெல்வார்; தட்டையான சாலையில் காற்றை முன்னால் நின்று வாங்கும் உதவி வீரருக்கு மொத்த வாட்தான் முக்கியம். தன் உடல் எந்த வேலைக்கு ஏற்றது என்று தெரியாமல் எல்லோரும் மலை வீரராக முயல்வதில் நல்ல உதவி வீரர்கள் பலர் வீணாகிறார்கள்.

மூன்றாம் படியான கான்டினென்டல் அணிகளுக்கு யுசிஐ குறைந்தபட்சச் சம்பளம் என்று எதையும் விதிக்கவில்லை. மேலிரண்டு படிகளுக்கு மட்டும் விதித்திருக்கிறது. ஆகவே ஏறிவரும் சில ஆண்டுகள் வாரம் 20 மணி நேரம் மிதித்து, பயணம் செய்து, வருமானமில்லாமல் இருக்க வேண்டியிருக்கும். வேலைக்குப் போய்க்கொண்டே இதைச் செய்பவருக்குப் பயிற்சி நேரம் எப்படியோ கிடைத்துவிடும். தூங்கவும் இளைப்பாறவும்தான் நேரம் கிடைக்காது. குடும்பமோ, மன்றமோ, உதவித்தொகையோ அந்த ஆண்டுகளைத் தாங்கிக்கொள்ள இருக்கிறதா என்பதை முதல் ஒப்பந்தத்துக்கு முன்பே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.